இலை செழிக்கிறது, பூவைக் காணோம்: மனோரஞ்சிதம் குறித்து வாசகர் கேள்விகள்

தோட்டப் பகுதிக்கு இம்முறை காவிரி டெல்டாவிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மனோரஞ்சிதத்தைப் பற்றியவையாகவே இருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு செடிக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்குப் பக்கத்தில் வாழைகளுக்கு நடுவே மனோரஞ்சிதம் இருக்கிறது. விதையிலிருந்து வந்த செடி. ஆறு ஆண்டுகளாக வளர்கிறது. குளியலறைத் தண்ணீரும் அதற்குத்தான் போகிறது. வயலுக்கு வாங்கும் யூரியாவில் மிஞ்சியதையும் போடுகிறோம். மதில் ஏறிப் பக்கத்து வீட்டுக்குள் போகும் அளவுக்கு வளர்வதால், ஒவ்வொரு ஆண்டும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அடியோடு கழித்துவிடுகிறோம். இலை கரும்பச்சையாக இருக்கிறது. ஒரு பூ கூடப் பூத்ததில்லை. செடி மலடா?
வாசகி, கும்பகோணம்

செடியில் குறையில்லை. நீங்கள் செய்யும் அளவுக்கு அதிகமான உபசாரம்தான் அதைப் பூக்கவிடாமல் வைத்திருக்கிறது. தண்ணீரையும் தழைச்சத்தையும் தாராளமாகக் கொடுத்துப் பழகிய டெல்டாக்காரர்கள், வாழையையும் நெல்லையும் நடத்துவது போலவே மனோரஞ்சிதத்தையும் நடத்துகிறார்கள். வாழைக்கு அது பொருந்தும். மனோரஞ்சிதத்துக்குப் பொருந்தாது.

உங்கள் கடிதத்தில் நான்கு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது நிழல். வாழைகளுக்கு நடுவே இருக்கும் செடி வெயிலைத் தேடி மேலே ஏறுவதிலேயே தன் சக்தியைச் செலவிடும். அரைநாள் நேரடி வெயிலாவது கிடைத்தால்தான் இது ஒழுங்காகப் பூக்கும். காலை வெயிலாக இருந்தால் மிகவும் நல்லது. செடியை இடம் மாற்றும் வயது கடந்துவிட்டது, ஆகவே வாழையைத்தான் நகர்த்த வேண்டும். தார் வெட்டியதும் கிழக்குப் பக்கத்து வாழைக் கட்டைகளைத் தோண்டி எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பக்கக் கன்று விட வேண்டாம்.

இரண்டாவது யூரியா. அதில் 46 விழுக்காடு தழைச்சத்து இருக்கிறது, வேறு எந்தச் சத்தும் இல்லை. இலை கரும்பச்சையாக இருப்பதும் தண்டு மதிலைத் தாண்டுவதும் அதனால்தான். இனி யூரியா அறவே வேண்டாம். ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை, நன்றாக மக்கிய தொழு உரமோ ஆட்டெருவோ ஒரு கூடை அளவு இட்டு, கால் கிலோ வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கித் தூவி, மேல்மண்ணோடு லேசாகக் கொத்திவிட்டால் போதும். சாம்பல்சத்துக்காக அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிறவர்கள் உண்டு. சாம்பல் காரத்தன்மை உடையது. டெல்டாவின் பல பகுதிகளில் மண் ஏற்கெனவே காரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் இந்தச் செடிக்குச் சாம்பலை நான் பரிந்துரைப்பதில்லை. குளியலறைச் சோப்புத் தண்ணீரையும் இதே காரணத்துக்காக வாழைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பொங்கலுக்குக் கழிக்கிறீர்களே, அப்போது எதை வெட்டி எறிகிறீர்கள் என்று அடுத்த முறை ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைகள் மாறி மாறி இரு வரிசையாக அமைந்திருக்கும். சில இலைகளுக்கு எதிர்ப்புறத்தில், தட்டையாக வளைந்த ஒரு கொக்கி இருக்கும். இளங்கொக்கி பச்சையாக, நகத்தால் கிள்ளினால் நசுங்கும் அளவுக்கு மென்மையாக இருக்கும். பக்கத்துக் குச்சியிலோ கம்பியிலோ அது பட்டுவிட்டால் பிடித்துக்கொண்டு, பருத்து, கட்டையாகி, பிறகு ஒடித்தால்தான் விடும். செடி ஏறுவதற்கு உதவும் இந்தக் கொக்கி வேறொன்றும் இல்லை, பூவைத் தாங்கும் காம்புதான். மொட்டு அதன் வளைவிலிருந்து ஒன்றோ இரண்டோ தொங்கலாக வரும். கொக்கிகள் நிறைந்த முதிர்ந்த கிளைகளையெல்லாம் ஆண்டுதோறும் அடியோடு கழித்தால், செடி கோடை முழுவதையும் புதுத் தண்டு வளர்ப்பதிலேயே கழித்துவிடும். அந்தத் தண்டுகள் முதிர்ந்து பூக்கும் நேரத்தில் மறுபடி பொங்கல் வந்துவிடும்.

தை மாதத்தில் அரிவாளை எடுப்பதில் தவறில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுப்பதுதான் தவறு. காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசிப் புண்ணானவை, அடியிலிருந்து நேராக மேலே பாயும் சாட்டைத் தண்டுகள், மதில் தாண்டியவை ஆகியவற்றை மட்டும் எடுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டாரின் பொறுமையைச் சோதிக்காமல் இருக்க, மதிலின் உள்பக்கத்தில் ஏழடி உயரத்துக்கு இரும்புக் குழாயால் ஒரு வளைவோ சிறு பந்தலோ போட்டுத் தண்டுகளை அதில் படுக்கை வாக்கில் கட்டிவிடுங்கள். செங்குத்தாகப் போகும் தண்டைவிடப் படுத்திருக்கும் தண்டில் பக்கக் கிளைகள் அதிகம் வரும்.

நான்காவது, விதைச் செடி என்பது. விதையிலிருந்து வரும் மனோரஞ்சிதம் பூப்புக்கு வரப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். ஆறு ஆண்டு என்பது கவலைப்பட வேண்டிய வயதில்லை.

இன்னும் ஒன்று. செடி உண்மையிலேயே பூக்கவில்லையா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இதன் பூ விரியும்போது இலையின் அதே பச்சை நிறத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் மணமும் பெரிதாக இராது. மூன்று மூன்றாக இரண்டு அடுக்கில் ஆறு தடித்த இதழ்கள், இலைக்குப் பின்னால் கீழ்நோக்கித் தொங்கும். சில நாள்களில் அது மஞ்சளாகும்போதுதான் மணம் எழும்பும். மதில் உயரத்துக்கு மேலே பூத்து உதிர்ந்து, அந்த மணத்தைப் பக்கத்து வீட்டார் மட்டும் அனுபவித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

திருவாரூருக்கு அருகே எங்கள் மனை தெருவைவிடத் தாழ்வு. பெரிய குழி எடுத்து, மணலும் எருவும் போட்டுத்தான் மனோரஞ்சிதம் வைத்தோம். இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்தது. சென்ற கார்த்திகையில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. உரம் வைத்தோம், மேலும் உதிர்ந்தது. நோயா, சத்துக் குறையா?
வாசகர், திருவாரூர் மாவட்டம்

இரண்டும் இல்லை, வேரில் தண்ணீர் தேங்குவதுதான் காரணம். டெல்டாவில் மனோரஞ்சிதம் சாவதற்கு முதல் காரணம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பழைய டெல்டாவின் வண்டல் களிமண் நீரைக் குடித்து உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். உப்பிய நிலையில் அதன் துளைகள் அடைபட்டு, வேர்களுக்குக் காற்று போகாது. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றைக் கீழே கொண்டுபோகும் இடைவெளித் திசு இருப்பதால் அது தண்ணீரில் நின்றும் பிழைக்கிறது. மனோரஞ்சிதத்துக்கு அந்த வசதி இல்லை. வேர் சில நாள்கள் மூச்சுவிட முடியாமல் போனாலே நுனிவேர்கள் அழுகத் தொடங்கிவிடும். அழுகிய வேர் தண்ணீரையும் எடுக்காது, சத்தையும் எடுக்காது. ஆகவே தண்ணீரில் நிற்கும் செடி, வறட்சியில் நிற்கும் செடியைப் போலவே வாடும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுகிறவர்களும், உங்களைப் போல உரம் வைக்கிறவர்களும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் வேர் புண்ணாக இருக்கும்போது இடும் உரம் அதை மேலும் எரிக்கும்.

பெரிய குழி எடுத்து மணலும் எருவும் இட்டதை நல்ல முறை என்று நினைத்திருப்பீர்கள். செம்மண்ணில் அது நல்ல முறைதான். களிமண்ணிலோ அந்தக் குழி ஓட்டையில்லாத அண்டாவாகிவிடுகிறது: சுற்றிலும் இறுகிய களி, நடுவே தளர்ந்த மண். அக்கம்பக்கத்துத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். எனவே களிமண்ணில் குழியை ஆழப்படுத்தாமல் மேட்டை உயர்த்துவதே சரி. நான்கடி அகலத்துக்குத் தரையைக் கொத்திவிட்டு, அடியில் உடைந்த செங்கல் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் தோட்டத்து மண், பருமணல், மக்கிய எரு மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் கலந்து, ஒன்றரை முதல் இரண்டடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். மண் சரியாமலிருக்கச் சுற்றிலும் ஓட்டையோடு கூடிய செங்கல் வரிசை வைக்கலாம்; சிமெண்ட் பூசி அடைக்கக் கூடாது. செடியின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மழைநாளில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும்.

இருக்கும் செடியைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டால், பெரும்பாலும் முடியும். செடியிலிருந்து இரண்டடி தள்ளி, மனையின் தாழ்ந்த பக்கமாக ஓரடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்டைச் சுற்றி மேலே குவிந்திருக்கும் மண்ணையும் சருகையும் விலக்கிவிடுங்கள். மண் பொலபொலப்பாகும் வரை தண்ணீர் வேண்டாம், உரமும் வேண்டாம். அழுகல் பூசணம் பரவாமலிருக்க, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து வேர்ப் பகுதி நனைய ஊற்றலாம். இயற்கை முறையை விரும்பினால், அதற்குப் பதிலாக டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தை மக்கிய எருவில் கலந்து இடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் இட்டால் தாமிர மருந்து அந்த நல்ல பூசணத்தைத் தடுத்துவிடும். மொட்டையான கிளைகளை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்து உள்ளே பச்சை தெரிந்தால் மாசி, பங்குனியில் துளிர்க்கும்.

எல்லா மஞ்சளும் ஒன்றல்ல என்பதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளாகி விழுவது இயல்பு. கொழுந்து மட்டும் வெளுத்து, நரம்புகள் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்து கிடைக்காமை. கார மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அதற்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலை நேரத்தில் இலையில் தெளிக்க வேண்டும். மழையோடு சேர்ந்து செடி முழுவதும் மஞ்சளாகித் தொங்கினால் அது தண்ணீர்தான்.

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வீடு உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் உங்கள் கொல்லையின் நிலத்தடி ஈரமும் உயர்ந்திருக்கும்; மழை பெய்யாத வாரத்திலும் செடி தாகமாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

நாங்கள் தஞ்சாவூரில் அடுக்குமாடியில் இருக்கிறோம். நாற்றங்காலில் "செடி மனோரஞ்சிதம்" என்று சொல்லி ஒரு செடி கொடுத்தார்கள். மூன்றடி உயரத்திலேயே பூக்கிறது, ஆனால் இதழ்கள் மெல்லியவையாகச் சுருண்டு, கொத்தாக இருக்கின்றன. ஊரில் பாட்டி வீட்டில் பார்த்த பூ போல இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
வாசகி, தஞ்சாவூர்

ஏமாற்றவில்லை, வேறு செடியைக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் விவரிப்பது இலாங்கிலாங் என்ற மணப்பூ மரத்தின் குட்டை வகையாக இருக்க வேண்டும். பாட்டி வீட்டில் பார்த்தது கொடியாக ஏறும் மனோரஞ்சிதம், தாவரவியலில் ஆர்டபோட்ரிஸ் ஹெக்சாபெட்டலஸ். இரண்டும் சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் என்றும் பசுமையானவை, இரண்டின் பூக்களும் பச்சையிலிருந்து மஞ்சளாகும்போது மணம் கூடுபவை என்பதால் ஒரே பெயரில் விற்கிறார்கள். அடையாளம் காண எளிய வழி, கொக்கி. தண்டில் கொக்கி இருந்தால் கொடி மனோரஞ்சிதம். இல்லையென்றால் மற்றது.

உண்மையைச் சொன்னால், மாடிக்கு உங்களிடம் இருப்பதே பொருத்தமானது. கொடி வகையைத் தொட்டியில் வைத்தால் சில ஆண்டுகளில் அது தொட்டியையும் கைப்பிடிச் சுவரையும் மீறிவிடும். குட்டை வகை ஆறடிக்குள் புதராக அடங்கும். சிறு வயதிலேயே பூக்கத் தொடங்கும். பதினெட்டு அங்குலத் தொட்டியில், வல்லம் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் அதை இரண்டு பங்கும், தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கும், மண்புழு உரம் ஒரு பங்கும் கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவை நன்றாக அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். சித்திரை, வைகாசியில் மாடித் தளத்தின் சூடு தொட்டியின் அடி வழியாக வேருக்கு ஏறும் என்பதால் தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். நண்பகலுக்குப் பிறகு நிழல் விழும் இடமாக இருக்கட்டும். வெயிலில் இலை கருகி மொட்டு உதிர்ந்தால் உரத்தைத் தேடாமல் நிழல் வலையைத் தேடுங்கள்.

விதை போட்டால் நல்லதா, பதியன் போட்டால் நல்லதா? பதியன் எப்போது, எப்படிப் போடுவது?
வாசகர், மயிலாடுதுறை

பூவுக்காக வளர்ப்பவர்களுக்குப் பதியன்தான். ஏற்கெனவே பூக்கும் தாய்ச்செடியிலிருந்து எடுத்த பதியன், விதைச் செடியைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகப் பூக்கும். தாயின் குணமும் மாறாது. அதனால் பூக்காத செடியிலிருந்து, அதன் இலை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், பதியன் எடுக்காதீர்கள்.

ஆடி மாதத்து மேல்காற்றில் பதியன் கட்டு சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ, மாலை மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் போடுவது நல்லது. பென்சில் தடிமனுள்ள, பச்சை மாறிப் பழுப்பேறிய கிளையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கணுவுக்குக் கீழே ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி எடுத்து, உள்ளே இருக்கும் வழுவழுப்பான படலத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிடுங்கள். இந்தச் சுரண்டலை விட்டுவிட்டால் பட்டை திரும்பவும் மூடிக்கொள்ளும்; வேர் வராது. பதியன் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெட்டின் மேல் விளிம்பில் வேர் ஊக்கி மாவைத் தடவி, நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரையோ பாசியையோ ஒரு பிடி வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி, இரண்டு முனையையும் இறுகக் கட்டுங்கள். மழைத்தண்ணீர் மேல் முனை வழியாக உள்ளே இறங்கக் கூடாது.

மார்கழி, தை வாக்கில் தாளின் ஊடே வெள்ளை வேர்கள் பழுப்பாக மாறுவது தெரியும். அப்போது கட்டுக்குக் கீழே ஒரே நாளில் வெட்டிவிடாமல், முதலில் பாதி வெட்டி, இரண்டு வாரம் கழித்து மீதியை வெட்டுங்கள். பையில் நட்டுக் கோடையை அரைநிழலில் கழிக்க விட்டு, ஆடிப்பெருக்கை ஒட்டித் தரையில் நட்டால், ஐப்பசி மழைக்கு முன்பே வேர் பிடித்திருக்கும்.

தரையோரம் தாழ்ந்த கிளை இருந்தால் அதை வளைத்து, அடிப்பக்கத்தில் ஒரு கீறல் கீறி, மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு கல் வைத்தாலும் வேர் விடும். நேரம் அதிகமாகும், ஆனால் மறந்துவிட்டாலும் கெட்டுப்போகாது.

விதை போடத்தான் விருப்பம் என்றால், கொத்தில் மஞ்சளாகிப் பழுத்த பழங்களிலிருந்து எடுத்து உடனே விதையுங்கள். காயவைத்துப் பொட்டலம் கட்டி வைக்க வேண்டாம். சீத்தாக் குடும்பத்து விதைகளில் கரு மிகச் சிறியது. அது உள்ளே வளர்ந்து முடிந்த பிறகே முளை வெளியே வரும். ஓரிரு மாதங்களாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊரில் மணல் பூமி, வடிகாலுக்குக் குறைவில்லை. ஆனாலும் மனோரஞ்சிதத்தின் இலை ஓரம் தீய்ந்ததுபோல் காய்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிப்பு. முல்லை நன்றாக வருகிறது, இது ஏன் வரவில்லை?
வாசகர், வேதாரண்யம் வட்டம்

கரிப்புத் தண்ணீரைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இலையின் நுனியிலும் ஓரத்திலும் முதலில் காய்வதே உப்பின் அடையாளம். நீர் ஆவியாகும்போது அதோடு வந்த உப்பு அங்கேதான் சேர்கிறது. எல்லாச் செடிகளும் உப்பை ஒரே அளவில் தாங்குவதில்லை என்பதால் முல்லையோடு ஒப்பிட்டுப் பயனில்லை. தண்ணீரையும் மண்ணையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உங்களுக்குச் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையம் அருகில் இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்தார் நீடாமங்கலம் நிலையத்தையும், தஞ்சாவூர்க்காரர்கள் காட்டுத்தோட்டத்திலுள்ள மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம்.

அதுவரை, கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வைத்துக் கோடையில் இந்தச் செடிக்கென்று ஒதுக்குங்கள். கரிப்புத் தண்ணீரையே ஊற்ற வேண்டியிருந்தால், தினமும் சிறிதளவு ஊற்றுவதைவிட இடைவெளி விட்டு நிறைய ஊற்றுங்கள். உங்கள் மணல் பூமியில் அது உப்பைக் கீழே இறக்கிவிடும். களிமண்காரர்கள் இதைப் பின்பற்றக் கூடாது. வேர்ப்பகுதியைத் தென்னை மட்டை, சருகு கொண்டு மூடி வைத்தால் ஆவியாதல் குறையும். கடல் காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் வைத்திருந்தால், வீட்டின் மறுபக்கமே இதற்கு இடம்.

இலைகளை ஒரு பச்சைப் புழு தின்றுகொண்டே இருக்கிறது. தொட்டால் தலைப்பக்கத்திலிருந்து கொம்புபோல் ஒன்றை நீட்டுகிறது. ஒரு நாற்றமும் வருகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
வாசகி, மன்னார்குடி

மருந்து வேண்டாம். அது கிராஃபியம் அகமெம்னான் என்ற பட்டாம்பூச்சியின் புழு. கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளிகளோடு, பூவில் தேன் குடிக்கும்போதுகூடச் சிறகடிப்பை நிறுத்தாமல் பறக்குமே, அதுதான். நெட்டிலிங்கம், சீத்தா, மனோரஞ்சிதம் ஆகியவற்றின் இலைகள் அதன் புழுவுக்கு உணவு. கொம்பும் நாற்றமும் பகைவரை விரட்ட. வளர்ந்த செடிக்கு இதனால் ஆபத்து வராது. சிறு செடியாக இருந்தால் புழுக்களை இலையோடு எடுத்துப் பக்கத்திலிருக்கும் நெட்டிலிங்கத்தில் விட்டுவிடுங்கள். இலைக்கடியில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சியும், அதைச் சுற்றி எறும்பும் தெரிந்தால் மட்டும் வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி வீதம் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள்.

மனோரஞ்சித மணத்துக்குப் பாம்பு வரும் என்று மாமியார் வெட்டச் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?
வாசகி, நாகப்பட்டினம்

பாம்புக்குப் பூமணத்தால் ஆவது ஒன்றுமில்லை. அது எலியையும் தவளையையும் தேடி வருகிறது. ஆனாலும் உங்கள் மாமியார் சொல்வதை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. அறுவடை முடிந்ததும் வயலெலிகள் வீட்டுப் பக்கம் நகர்கின்றன. தரை தெரியாமல் அடர்ந்து கிடக்கும் எந்தப் புதரும் எலிக்கும் பாம்புக்கும் நல்ல மறைவிடம். செடியை வெட்ட வேண்டியதில்லை. தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை பக்கக் கிளைகளை எடுத்து, அடிப்பகுதி வெளிச்சமாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். சருகு, விறகு, உடைந்த ஓடு எதையும் அங்கே குவிக்காதீர்கள். படுக்கையறை ஜன்னலை ஒட்டி ஏற்றுவதையும் தவிர்க்கலாம். மாமியாருக்கும் இதில் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு முகர்கிறோமோ அந்தப் பழத்தின் மணம் வரும் என்கிறார்களே, உண்மையா? பூவை எப்போது பறிக்க வேண்டும்?
வாசகர், திருவையாறு

பழ மணம் என்பது உண்மை. பழுத்த வாழை, அன்னாசி போன்றவற்றின் மணத்துக்குக் காரணமான எஸ்டர் வகைச் சேர்மங்கள் இந்தப் பூவின் மணத்திலும் இருக்கின்றன. பல பழங்களுக்குப் பொதுவான மணம் என்பதால், எந்தப் பழத்தை நினைத்தாலும் மூக்கு அதை ஒப்புக்கொள்கிறது. இந்த மணம் நமக்காக ஏற்பட்டதன்று, சிறு வண்டுகளுக்காக ஏற்பட்டது. பூவின் உள்ளடுக்கு இதழ்கள் அடியில் கூடிக் குவிமாடம்போல் மூடியிருக்கும். மஞ்சளான ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் நுழைந்திருக்கும் வண்டைச் சில வேளை பார்க்கலாம். பெண்ணுறுப்பு முதலில் முதிர்ந்து, மகரந்தம் அதன் பிறகு வெளிப்படுவதால், ஒரு பூவில் தங்கி மகரந்தம் பூசிக்கொண்ட வண்டு அடுத்த பூவுக்குப் போனால்தான் காய் பிடிக்கும்.

பச்சை வெளிறி மஞ்சள் தொடங்கும் நிலையில், மாலையில் பறியுங்கள். முழு மஞ்சளான பூ மறுநாளே இதழ் உதிர்த்துவிடும். கொக்கியோடு ஒடிக்காமல் பூவை மட்டும் அதன் சிறு காம்போடு கிள்ளி எடுங்கள். கொக்கி செடியிலேயே இருக்கட்டும். ஒரு கிண்ணம் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஓர் அறைக்கு ஒரு பூவே போதும். துணி அலமாரியில் வைப்பவர்கள் பட்டுத்துணிமேல் நேரடியாக வைக்க வேண்டாம், கறை பிடிக்கும்.

இதன் வேரைக் கஷாயம் வைத்துக் குடித்தால் மலேரியாக் காய்ச்சல் போகும் என்று ஒருவர் சொன்னார். குடிக்கலாமா?
வாசகர், சீர்காழி

கூடாது. அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. சீனத்தில் மனோரஞ்சிதம் நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டு வந்தது. 1979-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் அதன் வேரிலிருந்து மலேரியாக் கிருமிக்கு எதிராக வேலை செய்யும் யிங்ஜாவோசு என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்துச் சோதித்த ஒரு பொருளும், அடுப்பில் கொதிக்கும் வேரும் ஒன்றாகாது. கஷாயத்தில் அந்தப் பொருள் எவ்வளவு இறங்கும், அதோடு வேறு என்னென்ன இறங்கும் என்பதையெல்லாம் வீட்டில் அளக்க முடியாது. காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. வேரைத் தோண்டினால் செடியும் போய்விடும்.